முழங்கால் சாட்சி

மழை பிடித்து ஒன்பது நாளாகியிருந்தது. வாலிபர் கூட்டத்துக்காகக் கட்டிய புது மண்டபத்தில் அடித்த வெள்ளை காயவே இல்லை. கை வைத்த இடமெல்லாம் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. அறுபது பிளாஸ்டிக் நாற்காலியை வண்டியிலிருந்து இறக்கி அடுக்கிவிட்டு, முதுகு விண்விண் என்று தெறிக்க, சனிக்கிழமை மத்தியானம் படியேறி வீட்டுக்கு வந்தான் சின்னப் பாஸ்டர். சபையில் அவனுக்கு அதுதான் பேர். பெரிய பாஸ்டர் ஒருத்தர் இருக்கிறார், அதனால் இவன் சின்னவன். முப்பத்தொரு வயது, கல்யாணமாகவில்லை. சபை கொடுத்த இரண்டாம் மாடி வீட்டில் அம்மாவும் அவனும்தான்.

அம்மா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் அவளுக்கு வேலை. சனிக்கிழமை அரை நாள். நீராவி இஸ்திரி மெஷினில் பட்டுப் பட்டு அவளுடைய இரண்டு முன்கையிலும் பழுப்பாகத் தழும்புகள், வளையல் போட்ட மாதிரி வரிசையாக இருக்கும்.

"உக்காரு. தலையைத் துவட்டிக்கோ. ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"சாப்பிட்டுட்டுப் பேசலாமே."

"சாப்பிட்டா நீ தூங்கிடுவே. இப்பவே சொல்லிடறேன். நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்."

அவன் சிரித்தான். அவளுக்கு எப்போதாவது ஒரு கேலி வரும். அது வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். அவள் சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு ரொட்டி கொண்டு வர்றாரே, அவரை. உனக்குத் தெரியும். கோயில்ல கடைசி பெஞ்சில உக்காருவார்."

தெரியும். கடைசி ஆசீர்வாதத்துக்கு முன்னாலேயே மெல்ல நழுவிப் போகிற ஆள். சாயங்கால ரொட்டி போடுகிற நேரம் அது. வாலிபர்கள் அவருக்கு 'ஆமென் எக்ஸ்பிரஸ்' என்று பேர் வைத்திருந்தார்கள். பேர் வைத்தவனே சின்னப் பாஸ்டர்தான்.

"வயசு என்னம்மா உனக்கு?"

"அம்பத்தி நாலு. உனக்குத் தெரியாதா?"

"அப்பா போயி ஏழு வருஷம்தான் ஆகுது."

"ஏழு வருஷம் ஆயிடுச்சு" என்றாள் அம்மா. "பதிவு ஆபீஸ்ல பேர் எழுதிக் குடுத்தாச்சு. அடுத்த வாரத்துக்கு அடுத்த வியாழக்கிழமை. கோயில்லயும் ஒரு ஜெபம் வச்சா நல்லாயிருக்கும். பெரிய பாஸ்டர்கிட்ட நீதான் கேட்டுச் சொல்லணும்."

அவனுக்கு வந்த கோபத்துக்குக் கத்தியிருக்கலாம். அவன் கத்துகிற ஆள் இல்லை. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, ஈரச் சட்டையோடு தன் அறைக்குள் போய், சத்தமே வராமல் கதவைச் சாத்திக்கொண்டான். கதவைச் சத்தமில்லாமல் சாத்துவதில் அந்த வீட்டில் எல்லாருக்குமே நல்ல பழக்கம் உண்டு.

அவனுக்கு ஏன் அத்தனை கோபம் என்றால், அப்பா சாதாரண ஆள் இல்லை. மின்சார ஆபீஸில் சூப்பர்வைசர். சபையில் இருபத்திரண்டு வருஷம் மூப்பர். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வெறும் தரையில் முழங்கால்போட்டு ஒன்றரை மணி நேரம் ஜெபிப்பார். கால்முட்டி இரண்டும் காய்த்து, ஒட்டகத்தின் முட்டி மாதிரி இருக்கும். அந்த முட்டியைப் பற்றி அவன் சொல்லாத கூட்டம் இல்லை. முகாமுக்குப் போனாலும் சரி, கல்லூரிக்குப் போனாலும் சரி, கையைக் கட்டிக்கொண்டு பின்வரிசையில் முறைக்கிற பையன்கள்கூட, "எங்கப்பாவோட முழங்கால்..." என்று அவன் தொடங்கியதும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஊழியத்தில் அவன் கைமுதலே அந்தச் சாட்சிதான். இப்போது கட்டிய மண்டபத்துக்கும் அப்பா பேர்தான் வைக்கிறார்கள். கல்வெட்டு வந்தாயிற்று. வியாழக்கிழமை கழித்து வருகிற ஞாயிற்றுக்கிழமை திறப்பு. பேசப்போவது மகன். அந்த மகனுடைய அம்மா, மூணு நாளைக்கு முன்னால் கட்டிக்கொண்ட ஒரு ரொட்டிக்காரரோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாள்.

நினைக்க நினைக்க அவனுக்குக் காது மடல் கொதித்தது.

பெரிய பாஸ்டரிடம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு சொன்னான். அவர் அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாட்டின பிறகும் அதன் மடிப்பை நீவிக்கொண்டே இருந்தார்.

"தப்புன்னு சொல்ல முடியாது தம்பி. ரெண்டு பேருக்கும் துணை போயிட்டாங்க. வேதத்துல இடம் இருக்கு."

"இருக்கு ஐயா."

"ஆனா இப்ப வேண்டாமே. மண்டபத்துக்கு நன்கொடை குடுத்தவங்க எல்லாம் வர்றாங்க. மூப்பரோட விதவைன்னுதான் உங்கம்மாவை மேடைக்குக் கூப்பிடறதா இருக்கோம். சால்வை வாங்கியாச்சு. அவங்க புதுப் புருஷனோட வந்து நின்னா நான் என்னன்னு கூப்பிடறது? ஒரு ஆறு மாசம் தள்ளிப்போடச் சொல்லு. உன் ஆர்டினேஷனும் அதுக்குள்ள முடிஞ்சிடும். சபை வாய்க்கு நாம ஏன் அவல் போடணும்?"

முழுப் பாஸ்டராகப் பட்டம் கட்டுகிற பேச்சை அவர் இழுத்தது அவனுக்குச் சுருக்கென்றது. பெரிய பாஸ்டர் மேலும் கோபம் வந்தது. ஆனாலும் அவன், "சொல்றேன் ஐயா" என்றான். அவரிடமும் அவன் கத்தவில்லை.

சொல்வதற்கு அவன் அம்மாவிடம் பேசவேண்டுமே! பேசவில்லை. முதல் மூன்று நாள் அவள்தான் பேசிப் பார்த்தாள். "குடை எடுத்துட்டுப் போ." பதில் இல்லை. "சட்டையில பட்டன் போயிருக்கு, கழட்டிக் குடு." அவன் வேறு சட்டை மாட்டிக்கொண்டு போனான். "பெரிய பாஸ்டர் என்ன சொன்னார்?" அதற்கும் இல்லை. நாலாம் நாள் ஒரு துண்டுக் காகிதத்தில், 'இரவு சாப்பாடு வேண்டாம்' என்று எழுதிச் சாப்பாட்டு மேசையில் தம்ளருக்கு அடியில் வைத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து அவளும் பேச்சை நிறுத்திக்கொண்டாள். சாப்பாடு மட்டும் மூடி வைத்திருக்கும். பசி பொறுக்காமல் அவன் சாப்பிடுவான். முப்பத்தொரு வயதில் அடுப்புப் பற்றவைக்கத் தெரியாத ஆம்பளை, வீராப்புக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

கூட்டங்கள் நடந்தபடிதான் இருந்தன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிதாருக்குக் கம்பி மாற்றினான். ஈரத்தில் மைக் கரகரத்தது. பேச்சு முடிந்ததும் ஒரு பெண், தையல் பயிற்சிக்குப் போகிறவள், கையைத் தூக்கி, "பாஸ்டர், பெத்தவங்க மேல கோபப்படறது பாவமா?" என்று கேட்டாள்.

"கோபம் வர்றது மனுஷ சுபாவம். பொழுது சாயறதுக்குள்ள சமாதானமாயிடணும்" என்றான் அவன், தயாராக வைத்திருந்த மாதிரி. சொல்லும்போது வாயில் பழைய ரொட்டியை மென்ற மாதிரி இருந்தது. ரொட்டி என்று தோன்றியதற்கும் சேர்த்து எரிச்சல் பட்டுக்கொண்டான்.

அந்த ரொட்டிக்காரர் மறுநாள் காலையில் மாடிப்படியில் வந்து நின்றார். கையில் குடை, அரைக்கைச் சட்டை, புருவத்தில் மாவு. சிரித்த முகம்தான்.

"தம்பி, உங்களைப் பார்த்துப் பேசணும்னு வந்தேன். நேரா பேசறதுதான் மரியாதைன்னு. நாலு நாளா வரணும் வரணும்னு, வண்டி வேற பிரேக் பிடிக்கல, மெக்கானிக் இன்னிக்கு நாளைக்குன்னு இழுத்தடிச்சு, அப்புறம் பார்த்தா ஒரு வாஷர்தான் போயிருக்கு..."

"எனக்கு வேலை இருக்கு" என்றான் சின்னப் பாஸ்டர்.

"இருக்கும், இருக்கும். ஒண்ணே ஒண்ணு. உங்க வீட்டுக்கு அப்பாவா வரணும்னு எனக்கு எண்ணம் கிடையாது. உங்க அம்மாவுக்குத் துணையா..."

அவர் முடிப்பதற்குள் அவன் அவரைத் தாண்டி இறங்கிப் போய்விட்டான். கீழ்ப்படியில் நின்று ஒருதரம் திரும்பிப் பார்த்தான். அவர் அதே இடத்தில், குடையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு நின்றிருந்தார். இரண்டு அறை வைத்தால் தேவலை என்று அவனுக்குக் கை துடித்தது. பாஸ்டர் கை! அதைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடந்தான்.

அக்காவுக்குத் திங்கட்கிழமை போன் போட்டான். அக்கா அவனைவிட ஆறு வயது மூத்தவள். வேறு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

"உனக்குத் தெரியுமா அக்கா?"

"மூணு மாசமா தெரியும். எங்கிட்ட கேட்டாங்க. தாராளமா பண்ணிக்கோன்னு சொன்னேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சொன்னா நீ இப்படித்தான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவேன்னு அம்மாவுக்குத் தெரியாதா? எத்தனை நாளா பேசல?"

"அதை விடு. நீ ஒரு உதவி பண்ணு. அம்மாகிட்ட சொல்லு, ஞாயித்துக்கிழமை திறப்பு முடியற வரைக்கும் இதைத் தள்ளிப்போடட்டும். பெரிய பாஸ்டர் ஆறு மாசம்னு கேக்கறார்..."

அக்கா அவனை முடிக்க விடவில்லை.

"இன்னொரு தடவை சொல்லு" என்றாள் அக்கா.

"அம்மாகிட்ட சொல்லு..."

"அதைத்தான். காதுல விழுதா உனக்கு? யார் பேசறாங்கன்னு தெரியுதா?"

"என்னக்கா உளர்றே?"

"'அம்மாகிட்ட சொல்லு, உப்பு கம்மி. அம்மாகிட்ட சொல்லு, சட்டை தேய்க்கல.' பக்கத்து ரூம்லதான் அம்மா இருப்பாங்க. உனக்கு ஆறு வயசு. ஓடிப்போய்ச் சொல்லிட்டு ஓடி வருவே. அப்பா உன் தலையைத் தடவி 'என் தபால்காரன்'னு சொல்லுவார். மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அதையும் அவன் கூட்டங்களில் சொல்வதுண்டு. முழங்கால் கதை சொல்லி எல்லார் கண்ணிலும் தண்ணீர் வந்த பிறகு, கொஞ்சம் சிரிக்க வைக்க, தபால்காரன் கதை. எங்கள் வீட்டில் அப்படி ஒரு விளையாட்டு இருந்தது என்று தொடங்குவான்.

"விளையாட்டா?" அக்காவின் குரல் ஏறியது. "பதினோரு மாசம்டா. அவர் ஜெபம் பண்ணும்போது அம்மா கைதவறி ஒரு தட்டைப் போட்டுட்டாங்க. அதுக்குத் தண்டனை. பதினோரு மாசம் அவங்க மூஞ்சியைப் பார்த்து ஒரு வார்த்தை கிடையாது. அதுக்கப்புறமும் ரெண்டு மாசம், மூணு மாசம்னு எத்தனை தடவை! தட்டு விழுந்ததுக்கப்புறம் அவர் எழுந்திரிக்கிற வரைக்கும் அம்மா வீட்டுக்குள்ளயே இருக்க மாட்டாங்க. சத்தம் வந்துடுமேன்னு. பின்கதவுக்கு வெளியே, குளிர்ல, மழையில, துணி பக்கெட்டோட நிப்பாங்க. நான் பன்னெண்டு வயசுல அதை ஜன்னல் வழியா பார்த்துட்டுப் படுத்திருப்பேன். அடிக்கிற அப்பாவா இருந்தா ஊருக்காவது தெரிஞ்சிருக்கும்."

"செத்தவரைப் பத்தி இப்படிப் பேசாதே!"

"இருந்தவரைக்கும் பேசவிடல. செத்தும் பேசக்கூடாதா?"

அவன் போனை வைத்துவிட்டான். பொய் சொல்கிறாள், அக்காவுக்கு அப்பா மேல் எப்போதும் காய்ச்சல்தான் என்று சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டே இருந்தான். இரண்டு நாள் அதையே மென்று துப்பியும் போகவில்லை. அப்போதிருந்த பழைய வீட்டின் பின்கதவுக்கு வெளியே கிடந்த சிமெண்டுப் படிக்கட்டு ஞாபகம் வந்தது. அதில் ஒரு கோணிச்சாக்கு நாலாக மடித்துப் போட்டிருக்கும். அது எதற்கு என்று அவன் ஒருநாளும் யோசித்ததில்லை.

புதன்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனான். நோயாளிகளைப் பார்க்க வாரத்துக்கு ஒருதரம் போகிறவன்தான். ஆனால் பின்பக்கம் சலவைக் கூடத்துக்குப் போனது அதுவே முதல் தடவை. தகரக் கூரை மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஆளுயரத் துவைக்கும் டிரம் மூன்று, கடகடவென்று உருண்டன. நீராவியில் எதுவும் தெரியவில்லை. பினாயில் வாசமும் வெந்த துணி வாசமும் மூக்கில் அடித்தன. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், எல்லாச் சத்தத்துக்கும் மேலே, யாரையோ பிடித்து வாங்குவாங்கு என்று வாங்கிக்கொண்டிருந்தது. "எத்தனை தடவை சொல்றது, ரத்தக்கறையை வெந்நீர்ல போடாதீங்கன்னு! கறை சமைஞ்சுபோயிடும்! உங்க மாமியாரா வந்து தேய்ப்பா?" அதைக் கேட்டு நாலைந்து பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

அது அம்மாவின் குரல் என்று தெரிந்துகொள்ள அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தக் குரலை வீட்டில் அவன் கேட்டதே இல்லை.

அவனைப் பார்த்ததும் மற்றவர்கள், "பாஸ்டர் வந்திருக்கார்" என்று ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்க வெளியே போய்விட்டார்கள். அம்மா போகவில்லை. இஸ்திரியிலிருந்து வந்த படுக்கை விரிப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. அவள் ஒன்றை உருவி, இரண்டு முனையை அவன் பக்கம் நீட்டினாள். அவன் பிடித்துக்கொண்டான். என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

"இழுத்துப் பிடி. விறைப்பா. இப்ப என்கிட்ட வா."

வந்தான். முனைகள் சேர்ந்தன. அவள் வாங்கி மடித்து வைத்துவிட்டு அடுத்ததை நீட்டினாள்.

"அம்மா" என்றான். பதினோரு நாள் கழித்து அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

"கேக்கல. இங்க மெதுவா பேசினா கேக்காது."

"அம்மா!"

"சொல்லு!"

"தட்டு விழுந்தது நிஜமா?"

அவள் விரிப்பை உதறினாள். "அக்கா சொன்னாளா?"

"நிஜமான்னு கேக்கறேன்!"

"நிஜம்."

"அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல? வருஷக்கணக்கா மேடையில நின்னு சொல்லிட்டு இருக்கேன். நீ முதல் வரிசையில உக்காந்து கேட்டுட்டு இருந்தே! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, டேய் அப்படி இல்லடான்னு சொல்லக் கூடாதா? அத்தனை பேர் முன்னாடி என்னை முட்டாளாக்கிட்டே!"

அவன் தன் வாழ்க்கையில் அத்தனை சத்தமாகப் பேசியதில்லை. டிரம்மின் கடகடப்புக்கு மேலே போய் அது கூரையில் இடித்துத் திரும்பியது.

"உனக்குத் தெரியாதா?" அம்மாவும் கத்தினாள். "நீதானே தபால்காரன்? உனக்குத் தெரியாம அந்த வீட்டில என்னடா நடந்துச்சு?"

விரிப்பின் முனை அவன் கையிலிருந்து நழுவி ஈரத்தரையில் விழுந்தது. "ஐயோ, அதைத் திரும்பத் துவைக்கணும்" என்று அவள் எடுத்து அழுக்குக் கூடையில் எறிந்தாள். அடுத்ததை நீட்டினாள்.

"எனக்கு ஆறு வயசும்மா."

"அதனாலதான் அப்ப சொல்லல. அப்புறம் வளர்ந்தே. பிரசங்கம் பண்ண ஆரம்பிச்சே. நீ அவ்வளவு அழகா சொல்லுவே. கேக்கும்போது, அப்படி ஒரு மனுஷனோட நாம வாழ்ந்திருக்கக் கூடாதான்னு எனக்கே ஆசையா இருக்கும். நிஜமாத்தான் சொல்றேன். கேட்டுட்டு வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் சோறு இறங்காது. அப்புறம் அடுத்த ஞாயித்துக்கிழமை வந்துடும்."

"நான் என்ன பண்ணட்டும் இப்ப?"

"என்னைக் கேக்காதே! உங்கப்பா பண்ணினதுக்கு நான் அழுதாச்சு, முடிச்சாச்சு. எனக்கு வயித்தெரிச்சல் எல்லாம் இந்தப் பதினோரு நாள்தான். காகிதத்துல எழுதி தம்ளருக்கு அடியில வச்சே பாரு, சாப்பாடு வேண்டாம்னு... அதைப் பார்த்துட்டு நான் சமையல்கட்டுல தரையில உக்காந்துட்டேன். செத்துப்போன மனுஷன் எழுந்து வந்துட்டாரேன்னு! கோபம்னா கத்துடா! பாத்திரத்தைத் தூக்கிப் போடு! ரெண்டு வார்த்தை அசிங்கமா திட்டு! நானும் திட்டறேன்! இப்படி வாயை மூடிட்டு மூடிட்டு மனுஷனைச் சாகடிக்காதீங்கடா!"

அவளுடைய முகம் நீராவியில் நனைந்திருந்தது. அழுகிறாளா என்று தெரியவில்லை. கை மட்டும் நிற்காமல் மடித்துக்கொண்டே இருந்தது.

"அந்த ஆள்கிட்ட அப்படி என்னதான் இருக்கு?" என்று கத்தினான் அவன். கோபம் போகவில்லை. போக்கிடம்தான் மாறிக்கொண்டே இருந்தது.

"பேசறார். அவ்வளவுதான். வண்டியை நிறுத்தினா பேச்சு. ரொட்டி எண்ணும்போதும் பேச்சு. எண்ணிக்கை விட்டுப்போகும், திரும்ப முதல்லேர்ந்து எண்ணுவார். பேசறதுல பாதி ஒண்ணுத்துக்கும் உதவாது. பிரேக் வாஷரைப் பத்தி அரை மணி நேரம் பேசுவார். நான் கேட்டுட்டு இருப்பேன். எனக்குக் காது குளிரும்."

இன்னும் பத்துப் பன்னிரண்டு விரிப்பு மடித்தார்கள். டீக்குப் போனவர்கள் திரும்பி வந்து, பாஸ்டர் விரிப்பு மடிக்கிற அழகைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"பெரிய பாஸ்டர் ஆறு மாசம் தள்ளச் சொல்றார்" என்றான், புறப்படும்போது.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு பதிவு ஆபீஸ். சாட்சிக் கையெழுத்துக்கு ஒரு ஆள் குறையுது. வர்றதுன்னா வா" என்றாள். பிறகு, "மண்டபத்துல நீ என்ன வேணும்னாலும் பேசு. என் கதையை மேடையில போட்டு உடைக்காதே. அது எனக்கும் உங்கப்பாவுக்கும் நடுவுல. ஆனா அந்த முழங்கால் கதை, அதை மட்டும் இனிமே என் காதுபடச் சொல்லாதே."

வியாழக்கிழமை போனான். ஆபீஸில் மின்விசிறி ஓடவில்லை. குமாஸ்தா ஒரு காகிதத்தைக் காணோம் என்று முக்கால் மணி நேரம் தேடினார். அத்தனை நேரமும் ரொட்டிக்காரர் குமாஸ்தாவிடம் மழையைப் பற்றியும் மாவு புளிப்பதைப் பற்றியும் பேசித் தீர்த்தார். அம்மா நீலப் புடவை கட்டியிருந்தாள். அவன் கையெழுத்துப் போட்டான். "நன்றி தம்பி" என்று அவர் கையைப் பிடித்தபோது, "என் அம்மாவை மழையில நிக்க வச்சீங்கன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றான். வாழ்த்துச் சொல்கிற குரலில் அது வரவில்லை. ரொட்டிக்காரர் கொஞ்சம் மிரண்டுபோய், "வண்டியில மேல்மூடி இருக்கு தம்பி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. சுவர் இன்னும் காயவில்லை. யாரும் சாயவேண்டாம் என்று காகிதம் ஒட்டியிருந்தார்கள். அம்மா மூன்றாவது வரிசையில், கணவரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சால்வை கட்டுப் பிரிக்காமல் மேசை மேலேயே கிடந்தது. அவளை மேடைக்குக் கூப்பிடவில்லை. கல்வெட்டின் திரையை இழுத்து, கைதட்டி முடித்து, "மூப்பருடைய அருமை மகன் இப்போது நம்மோடு பேசுவார்" என்று பெரிய பாஸ்டர் மைக்கை அவன் கையில் கொடுத்தார்.

மூன்று நாளாக அவன் வேறொரு பேச்சை எழுதி வைத்திருந்தான். அப்பா பேர் வராத பேச்சு. வாலிபர்கள், வருங்காலம், வெளிச்சம் என்று இரண்டு பக்கம். அதைப் பிரித்துக் கையில் பிடித்தான். முன்வரிசையில் வாலிபர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்தது. அவன் சொல்லாவிட்டாலும் அந்தக் கதை அவர்களிடம் இருக்கும். இந்தச் சுவரில் அது கல்லாக நிற்கிறது. அவர்கள் அதைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். அவன் காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு மைக்கைத் தூக்கினான்.

"எங்கப்பா விடியக்காலை நாலு மணிக்கு முழங்கால்ல நிப்பார்னு உங்ககிட்ட நான் பல தடவை சொல்லியிருக்கேன். அது நிஜம். நான் சொல்லாம விட்டதும் ஒண்ணு இருக்கு. அந்த நேரத்துல எங்கம்மா பின்கதவுக்கு வெளியே குளிர்ல நிப்பாங்க. பாத்திரச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு. ஒரு தடவை தட்டு விழுந்ததுக்காக எங்கப்பா எங்கம்மாகிட்ட பதினோரு மாசம் பேசல. தபால்காரன்னு ஒரு கதை சொல்லுவேனே, நீங்க எல்லாம் சிரிப்பீங்களே, அது அந்தப் பதினோரு மாசம். அது விளையாட்டு இல்ல. இந்தப் புதன்கிழமை வரைக்கும் நானும் எங்கம்மாகிட்ட பதினோரு நாள் பேசல. அதனால சொல்றேன். உங்க யார் வீட்டுலயாவது அப்படி நடந்தா, அதுக்குப் பேர் பக்தி இல்ல. எனக்கு இன்னிக்கு வேற பேச்சு இல்ல."

மைக்கை மேசை மேல் வைத்துவிட்டு இறங்கினான். யாரோ ஒருவர் பயந்துபோய்க் கைதட்டத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். பெரிய பாஸ்டர் அவசரமாக ஒரு பாட்டை அறிவித்தார்.

பாட்டு நடக்கும்போதே அவனை வாசல் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"இதை இங்கதான் சொல்லணுமா? இந்த நாள்லதான் சொல்லணுமா?"

"அந்தக் கதையை இந்தச் சபையிலதான் ஐயா சொன்னேன். வேற எங்க போய் இதைச் சொல்றது?"

"உன் ஆர்டினேஷன் விஷயத்தை இனி நான் கமிட்டியில எடுக்க முடியாது. தெரியுமில்ல?"

"எடுக்காதீங்க" என்றான் அவன். குரல் உயர்ந்திருந்தது. உள்ளே பாட்டு தடுமாறி, மறுபடியும் பிடித்துக்கொண்டது.

வெளியே தூறல். ரொட்டிக்காரர் வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். முன்சீட்டில் மூன்று பேர் நெருக்கி உட்காரலாம். அம்மா ஏறி உட்கார்ந்திருந்தாள். அவன் கதவைத் திறந்த நொடியே தொடங்கினாள்.

"படிச்சுப் படிச்சு சொன்னேனே, மேடையில போட்டு உடைக்காதேன்னு! இனிமே ஒவ்வொருத்தியும் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுவா! அறிவிருக்கா உனக்கு?"

"நீ சொல்லாதேன்னா நான் சொல்லக் கூடாதா? எனக்கும் அவர் அப்பாதானே!"

"உனக்கு அப்பா! கதை யாரோடது?"

"ரெண்டு பேரோடதும்தான்!"

"கத்தாதே, காது வலிக்குது!"

"நீதானே கத்தச் சொன்னே!"

ரொட்டிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர் கியரைப் போட்டார். சந்தை தாண்டி, ஆஸ்பத்திரி தாண்டி, வீட்டுத் தெரு திரும்புகிற வரைக்கும் அம்மா ஓயவில்லை. அவனும் ஒன்றுக்கு ஒன்று பதில் சொல்லிக்கொண்டே போனான்.